பூவா, புழுவா?
குழாய்வாழ் கடல் சாமந்தியை இனங்காணும் முறை

(பத்தாம் வகுப்பு மாணவி)



கோடை வந்துவிட்டால் நமது கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அந்த வெடிப்புகளுக்குள்ளே எத்தனை உயிர்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சிலந்தி இருக்கிறது, தேள் இருக்கிறது, கறையான் இருக்கிறது. ஒரு மழை பெய்ததும் எல்லாம் வெளியே வருகின்றன. நிலத்தின் கதை இதுவானால் கடலடி நிலத்தின் கதையும் இதுவேதான். அங்கேயும் மணலும் சேறும் உண்டு. அவற்றுக்குள் வளை தோண்டியும், குழாய் கட்டியும் வாழும் உயிர்கள் ஏராளம். அவற்றுள் ஒன்றுதான் நாம் இங்கே ஆராயப்போகும் குழாய்வாழ் கடல் சாமந்தி. சுருக்கமாக இதனைக் குழாய்ச் சாமந்தி என்று அழைப்போம்.

“கரிசல் காட்டுப் பெண்களுக்குக் கடற்பிராணி எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நாகலாபுரத்திலிருந்து விளாத்திகுளம் வழியாகத் தென்கிழக்கே பேருந்தில் சென்றால் வேம்பார் கடற்கரையை அடைந்துவிடலாம். விளாத்திகுளத்தைத் தொட்டு ஓடும் வைப்பாறு நம் பக்கத்து வண்டல் மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு போய்ச் சேர்ப்பதும் அதே மன்னார் வளைகுடாவில்தான். எனவே அந்தக் கடலடிச் சேற்றில் நமது கரிசல் மண்ணும் கொஞ்சம் கலந்திருக்கிறது. நம் மண்ணில் வாழும் உயிர்களை நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

கடல் சாமந்தி என்பது யாது?

பெயரைக் கேட்டதும் இது ஒரு செடி என்று நினைத்துவிடக் கூடாது. கடல் சாமந்தி ஒரு விலங்கு. ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் நாம் படிக்கும் ஹைட்ரா, ஜெல்லி மீன், பவளம் ஆகியவற்றின் உறவினர். பழைய பாடநூல்கள் இவற்றையெல்லாம் குழியுடலிகள் என்று கூறின. உடலின் உள்ளே ஒரே ஒரு குழி. அதற்கு ஒரே ஒரு வாய். உண்பதும் கழிப்பதும் அந்த வாய் வழியே. இன்று இத்தொகுதியை நிடேரியா என்று அழைக்கிறார்கள். கிரேக்க மொழியில் ‘நிடே’ என்றால் தொட்டால் அரிக்கும் செடி என்று பொருள். நமது ஊர் வேலியோரங்களில் காஞ்சொறி படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தெரியாமல் அதன்மேல் கை பட்டுவிட்டால் படும்பாடு நமக்குத் தெரியும். இந்த விலங்குகளின் தோலிலும் அதுபோலக் கொட்டும் செல்கள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு நுண்ணிய பை. பைக்குள் சுருட்டி வைக்கப்பட்ட ஓர் இழை. இரை பட்டதும் இழை சீறிப் பாய்ந்து குத்துகிறது. கோவில்பட்டித் தீக்குச்சியைப் போல ஒவ்வொரு பையும் ஒரே ஒரு தடவைதான் பயன்படும். பிறகு புதியது உண்டாக வேண்டும்.

சாதாரணக் கடல் சாமந்தி பாறையிலோ சிப்பியிலோ தன் அடித்தட்டை அட்டைபோல் ஒட்டவைத்துக்கொண்டு வாழும். சினிமாவிலும் படக்கதையிலும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஒளிந்து விளையாடுவது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சில சாமந்திகளில்தான். குழாய்ச் சாமந்தியோ ஒட்டி வாழ்வதில்லை. அதற்கு அடித்தட்டே கிடையாது. அதன் உடல் நீண்ட காப்புறை போன்றது. அடிமுனை உருண்டோ கூம்பியோ இருக்கும். அது சேற்றுக்குள் தானே ஒரு குழாய் செய்து, அந்தக் குழாய்க்குள் நின்றுகொண்டு, பூவைப்போலக் கரங்களை மட்டும் வெளியே விரிக்கிறது. ஆபத்து என்று தெரிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் குழாய்க்குள் மறைந்துவிடுகிறது.

குழாய் கட்டும் விந்தை

குழாய் கட்டும் விலங்குகள் பல உண்டு. சில புழுக்கள் சுண்ணாம்பினால் கட்டுகின்றன. சில புழுக்கள் மணலைச் சளியால் ஒட்டிக் கட்டுகின்றன. குழாய்ச் சாமந்தியின் முறை இவற்றிலிருந்து வேறுபட்டது. அது தன் கொட்டும் செல்களைக் கொண்டே குழாய் செய்கிறது!

இதற்கென்றே அதன் உடற்சுவரில் தனி வகைச் செல்கள் உள்ளன. அவற்றின் பைகளுக்கு டைக்கோசிஸ்ட் என்று பெயர். 1977-ஆம் ஆண்டில் மாரிஸ்கல் என்பவரும் அவருடைய தோழர்களும் இதனைத் தனி வகை என்று விளக்கி எழுதினார்கள். மற்றக் கொட்டும் பைகளில் இழை சுருள் சுருளாக இருக்கும். இதிலோ சேலைக் கொசுவம்போல மடித்து மடித்து வைக்கப்பட்டிருக்கும். கிரேக்கத்தில் ‘டைக்கே’ என்றால் மடிப்பு. இந்த இழைகள் குத்துவதற்கு அல்ல, நெய்வதற்கு. ஆயிரமாயிரம் இழைகள் வெளிப்பட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அவற்றோடு சளியும் சேறும் மணலும் கலக்கின்றன. விளைவு? அடித்து அமுக்கிய பஞ்சைப்போல, கம்பளத்தைப்போல, மெத்தென்றும் உறுதியாகவும் உள்ள ஒரு குழாய். உட்புறம் வழவழப்பாக இருக்கும். வெளிப்புறம் சேறு அப்பியிருக்கும். பெரிய சிற்றினங்களில் குழாய் ஒரு மீட்டர் நீளம்கூட இருப்பதுண்டு. உள்ளே வாழும் உடலைவிடக் குழாய் நீளமானது. குழாயை இழந்த சாமந்தி மறுபடியும் புதுக்குழாய் நெய்துகொள்ளும்.

டைக்கோசிஸ்ட் வேறு எந்த விலங்குக் கூட்டத்திலும் இல்லை. ஆகவே இதனைக் குழாய்ச் சாமந்தியின் கைரேகை என்றே கூறலாம்.

இனங்காணும் படிகள்

ஒரு பொருளை இனங்காண்பது என்பது ஊகிப்பது அன்று. கேள்வி கேட்டு, விடை பெற்று, அடுத்த படிக்குச் செல்வதாகும். கடலடிச் சேற்றில் பூப்போன்ற ஓர் உயிர் விரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ்க்கண்ட வினாக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வேண்டும்.

முதற்படி: கரங்கள் எத்தனை? அவை கிளைத்தவையா? எட்டே எட்டுக் கரங்கள், ஒவ்வொன்றும் இறகைப்போல் இருபுறமும் கிளைத்திருந்தால் அது எண்கரப் பவளக் கூட்டத்தைச் சேர்ந்தது. சேற்றில் நிற்கும் கடற்பேனா இவ்வினத்தது. குழாய்ச் சாமந்தியின் கரங்கள் எட்டுக்கு மிகப் பல. ஒவ்வொன்றும் கிளையற்ற வெறும் இழை.

இரண்டாம் படி: உடலில் வளையங்கள் உண்டா? விசிறிப் புழு என்னும் குழாய்ப் புழுவும் அழகிய கொண்டையை விரிக்கும். தூரத்தில் பார்த்தால் பூவேதான். ஆனால் அதன் கொண்டை இறகு இறகாகக் கிளைத்திருக்கும். உடலை வெளியே எடுத்தால் மண்புழுவைப்போல் வளையங்கள் தெரியும். வளையம் இருந்தால் அது புழு, சாமந்தி அன்று.

மூன்றாம் படி: கரங்கள் எத்தனை வட்டங்களில் அமைந்துள்ளன? இதுவே மிக முக்கியமான படி. குழாய்ச் சாமந்திக்குத் தெளிவான இரண்டு வகைக் கரங்கள் உண்டு. வெளி விளிம்பில் நீண்ட கரங்கள். இவை விளிம்புக் கரங்கள். வாயைச் சுற்றிக் குட்டையான கரங்கள். இவை உதட்டுக் கரங்கள். நீண்டவை இரையைப் பிடிக்கின்றன. குட்டையானவை அதை வாங்கி வாய்க்குள் தள்ளுகின்றன. மேசையில் பரிமாறுபவர் ஒருவர், ஊட்டுபவர் ஒருவர் என்பதுபோல! சாதாரணச் சாமந்திக்கு வாயை ஒட்டி இப்படித் தனியான உதட்டுக் கரங்கள் இல்லை.

நான்காம் படி: அடிமுனை எப்படி இருக்கிறது? ஒட்டும் தட்டு இருந்தால் அது சாதாரணச் சாமந்தி. தட்டு இல்லாமல் உருண்டோ கூம்பியோ இருந்தால் ஐயம் இன்னும் தீரவில்லை. ஏனெனில் எட்வர்ட்சியா முதலான சில சாதாரணச் சாமந்திகளும் தட்டின்றி மண்ணுக்குள் புதைந்து வாழ்கின்றன. குழாய்ச் சாமந்தியின் அடிமுனையில் ஒரு சிறு துளை இருக்கும். உடல் திடீரென்று சுருங்கும்போது உள்ளிருக்கும் நீர் அதன் வழியே வெளியேறும்.

ஐந்தாம் படி: தொட்டால் என்ன செய்கிறது? சாதாரணச் சாமந்தி தன் கரங்களை உள்ளே இழுத்து, உடலின் மேல்விளிம்பைச் சுருக்குப்பைபோல் மூடிக்கொள்ளும். அதற்கென்று வாய்ப்புறத்தில் வளையத் தசை உண்டு. குழாய்ச் சாமந்தியால் தன் கரங்களை உடலுக்குள் மடித்து மூட இயலாது. அதன் வலுவெல்லாம் உடற்சுவரின் புறத்தோலில் நெடுக ஓடும் தசைகளில் இருக்கிறது. எனவே அது கரங்களோடு சேர்த்து முழு உடலையும் குழாய்க்குள் இழுத்துக்கொள்கிறது.

ஆறாம் படி: குழாய் எதனால் ஆனது? சுண்ணாம்புக் குழாயா? சிப்பித் துண்டுகள் செருகிய குழாயா? அமுக்கிய பஞ்சுபோன்ற குழாயா? கடைசியில் கூறியது என்றால் ஒரு சிறு துணுக்கை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பின்னிக் கிடக்கும் டைக்கோசிஸ்ட் இழைகள் தெரிந்தால் ஐயம் முற்றிலும் நீங்கும்.

கண்ணால் கண்டது போதுமா?

“நிறத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடலாமே” என்று பலர் நினைக்கிறார்கள். குழாய்ச் சாமந்தியில் இது பயன்படாது. ஒரே சிற்றினத்தில் ஊதா, பழுப்பு, வெள்ளை, பச்சை எனப் பல நிறங்கள் காணப்படுகின்றன. ஒரே பயிரில் வெள்ளைச் சோளமும் சிவப்புச் சோளமும் இருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றாது. நீருக்கடியில் எடுத்த அழகான நிழற்படம் ஒன்று கையில் இருந்தால் “இது குழாய்ச் சாமந்தி” என்று உறுதியாகச் சொல்லலாம். “இன்ன சிற்றினம்” என்று படத்தைக் கொண்டு மட்டும் சொல்வது பெரும்பாலும் இயலாது.

சிற்றினத்தைத் தெரிந்துகொள்ள உடலைத் திறந்து பார்க்க வேண்டும். நார்த்தங்காயைக் குறுக்கே நறுக்கினால் சுளைகளுக்கு இடையே மெல்லிய திரைகள் தோலிலிருந்து நடுவை நோக்கிச் செல்வது தெரிகிறது. சாமந்தியின் உடலுக்குள்ளும் இப்படிப்பட்ட இடைத்திரைகள் உள்ளன. அவற்றில் எது நீளம், எது குட்டை, எது கருவுறுப்பு உடையது, எது வாய்க்குழலோடு இணைந்தது என்பதை வரிசையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். உதட்டுக் கரங்கள் எந்த ஒழுங்கில் வரிசை வரிசையாக அமைந்துள்ளன என்பதையும் எண்ண வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் கொட்டும் பைகளின் வகைகளையும் அளவுகளையும் பார்க்க வேண்டும். எவ்வளவு பொறுமையான வேலை!

இடைத்திரைகளில் ஓர் அரிய உண்மை ஒளிந்திருக்கிறது. சாதாரணச் சாமந்தி வளரும்போது புதிய திரைகள் இணை இணையாக உடலைச் சுற்றிப் பல இடங்களில் தோன்றும். குழாய்ச் சாமந்தியிலோ ஒரே ஒரு பக்கத்தில் மட்டுமே புதிய திரைகள் சேர்ந்துகொண்டே போகும். சிலர் வீட்டைப் பெரிதாக்கும்போது நாற்புறமும் அறை கட்டுவார்கள். சிலர் கொல்லைப்புறத்தில் மட்டும் ஒவ்வோர் அறையாக நீட்டிக்கொண்டு போவார்கள். இரண்டு வீடுகளும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் கட்டடக் கலை வேறு அல்லவா? மேலும் வாயின் ஓரத்தில் நீரை உள்ளே செலுத்தும் பள்ளம் குழாய்ச் சாமந்திக்கு ஒன்றுதான். சாதாரணச் சாமந்திக்குப் பெரும்பாலும் இரண்டு.

இந்த உட்கட்டமைப்பு வேற்றுமைகளைக் கண்டுதான் அறிஞர்கள் இதனைச் சாதாரணச் சாமந்தியோடு சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

வகைப்பாட்டில் இதன் இருக்கை

இதன் முகவரியை மேலிருந்து கீழாக எழுதிப் பார்ப்போம்.

உலகு – விலங்குலகு
தொகுதி – நிடேரியா
வகுப்பு – ஆந்தோசோவா (பூவுயிர்கள்)
உள்வகுப்பு – செரியாந்தேரியா

ஆந்தோசோவா என்னும் பூவுயிர் வகுப்பில் ஜெல்லி மீன்போல் மிதக்கும் பருவம் கிடையாது. பவளம், கடல் விசிறி, கடற்பேனா, கடல் சாமந்தி எல்லாம் இவ்வகுப்பில் அடங்கும். இவ்வகுப்புக்குள் குழாய்ச் சாமந்தியை எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் நீண்ட காலம் கருத்து வேறுபாடு இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெல்ஜியம் நாட்டு அறிஞர் எட்வர்ட் வான் பெனெடன் இதனைக் கருப்புப் பவளத்தோடு சேர்த்து ஒரு கூட்டமாக்கினார். இரண்டின் உள்ளமைப்பிலும் இளவுயிரியிலும் அவர் ஒற்றுமை கண்டார். நூறாண்டுக் காலம் பல பாடநூல்கள் அவ்வாறே எழுதின. பின்னர் மரபணுவைப் படிக்கும் காலம் வந்தது. கருப்புப் பவளம் அறுகரப் பவளங்களின் குடும்பத்தோடு சேர்ந்தது என்று தெரிந்தது. குழாய்ச் சாமந்தி தனித்து நின்றது. 2014-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு அறிஞர் ஸ்டாம்பரும் அவருடைய குழுவினரும் இது தனியொரு உள்வகுப்பு என்று எடுத்துரைத்தார்கள். அறுகரப் பவளங்களுக்கு நெருங்கிய கிளை என்று கூறுவோரும் இருக்கிறார்கள். விவாதம் முற்றுப்பெறவில்லை.

இதே குழுவினர் 2019-இல் மற்றொரு விந்தையையும் வெளியிட்டார்கள். செல்லின் ஆற்றல் நிலையம் மைட்டோகாண்ட்ரியா என்று நாம் படித்திருக்கிறோம். அதற்கென்று தனியாகச் சிறிதளவு டி.என்.ஏ. உண்டு. மனிதனில் அதன் நீளம் 16,569 எழுத்துக்கள், வட்ட வடிவம். ஐசராக்னாந்தஸ் நாக்டர்னஸ் என்னும் குழாய்ச் சாமந்தியில் அது 80,923 எழுத்துக்கள். வட்டமாக இல்லாமல் நேர்கோட்டுத் துண்டுகளாக இருக்கிறது. சேற்றில் கிடக்கும் ஓர் எளிய உயிர் மனிதனைவிட ஐந்து மடங்கு நீளமான ஏட்டை வைத்திருக்கிறது!

மூன்று குடும்பங்கள்

1977-ஆம் ஆண்டில் டென் ஹார்டாக் என்னும் டச்சு அறிஞர் கொட்டும் பைகளின் வகையைக் கொண்டு செரியாந்தேரியாவை இரண்டு பிரிவுகளாக்கினார். ஒன்று ஸ்பைருலேரியா, மற்றொன்று பெனிசிலேரியா. மேற்சொன்ன நாக்டர்னஸுக்குப் பெயரிட்டவரும் அவரே. இரவில் கரம் விரிப்பதால் அதற்கு அப்பெயர். இவ்விரு பிரிவுகளிலும் மூன்று குடும்பங்கள் அடங்கும்.

1. செரியாந்திடே: ஸ்பைருலேரியாவைச் சேர்ந்தது. பெரிய, தடித்த குழாய் கட்டும் இனங்கள் பல இதில் உள்ளன. ஐரோப்பியக் கரைகளில் வாழும் செரியாந்தஸ் லாய்டி என்பதற்கு 1859-இல் பிலிப் காஸ் பெயரிட்டார். கிழக்கு ஆப்பிரிக்கா முதலான வெப்பக் கரைகளில் வாழும் பாக்கிசெரியாந்தஸ் மாவாவும் இக்குடும்பமே.

2. பொட்ருக்னிடிஃபெரிடே: இதுவும் ஸ்பைருலேரியாவே. கொட்டும் பைகள் திராட்சைக் குலைபோலக் கொத்துக் கொத்தாக உடலினுள் இடைத்திரைகளில் தொங்கும். கிரேக்கத்தில் ‘போட்ரிஸ்’ என்றால் திராட்சைக் குலை.

3. அராக்னாக்டிடே: பெனிசிலேரியாவின் குடும்பம். பெரும்பாலும் சிறிய இனங்கள். இடைத்திரைகளிலிருந்து அக்கோன்டியாய்டு என்னும் கொட்டும் நூல்கள் நீண்டிருக்கும்.

மூன்றாம் குடும்பத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு சுவையான வரலாறு உண்டு. நார்வே நாட்டில் மைக்கேல் சார்ஸ் என்பவர் 1846-இல் கடல் நீரில் மிதக்கும் ஒரு சிறு உயிரைக் கண்டு அராக்னாக்டிஸ் என்று பெயரிட்டார். நீண்ட கரங்களோடு சிலந்திபோல் காட்சியளித்ததால் இப்பெயர். அது தனி விலங்கு என்றே கருதப்பட்டது. பிறகுதான் அது குழாய்ச் சாமந்தியின் இளவுயிரி என்று புலப்பட்டது. குழாய்ச் சாமந்தியின் பிள்ளைகள் முதலில் நீரோட்டத்தில் மிதந்து திரிந்துவிட்டு, வளர்ந்தபின் சேற்றில் இறங்கிக் குழாய் கட்டுகின்றன. பிள்ளைக்கு ஒரு பெயர், தாய்க்கு ஒரு பெயர் என்று ஏட்டில் ஏறிவிட்டதால் இரண்டையும் இணைக்கும் வேலை இன்றும் நடைபெறுகிறது.

அண்டை அயலார்

குழாய்ச் சாமந்தி தனியே வாழ்வதாகத் தோன்றினாலும் அதன் குழாய் ஒரு சத்திரம் போன்றது. ஃபோரோனிஸ் ஆஸ்ட்ராலிஸ் என்னும் சிறு லாடப்புழு குழாயின் சுவரிலேயே தன் சொந்தக் குழாயைப் புதைத்து வாழ்கிறது. பெரியவர் வீட்டுத் திண்ணையில் சிறியவர் ஒண்டிக்கொள்வதுபோல! அமெரிக்காவின் மேற்குக் கரையில் டென்ட்ரோனோட்டஸ் ஐரிஸ் என்னும் ஓடில்லாக் கடல் நத்தை குழாய்ச் சாமந்தியின் கரங்களைக் கடித்துத் தின்கிறது. அதே குழாயின்மேல் தன் முட்டைகளையும் இட்டுச் செல்கிறது. அமெரிக்காவின் கீழைக்கரையில் மெய்ன் வளைகுடாவில் குழாய்ச் சாமந்திகள் அடர்ந்த இடங்களைச் செம்மீன்கள் புகலிடமாகக் கொள்வதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். வெறும் சேற்றுத் தரையில் ஒரு சிறு தோப்பு நின்றால் பறவைகள் வந்து தங்குவதில்லையா? அதுபோலத்தான்.

நமது கடல்

நம் நாட்டில் கடல் சாமந்திகளை ஆராயும் பணி புதியதன்று. 1869-ஆம் ஆண்டிலேயே ஸ்டோலிச்கா என்பவர் வங்காளத்தின் கேனிங் துறைமுகத்து உவர்நீரில் வாழ்ந்த ஒரு சாமந்தியை விவரித்து எழுதினார். மண்டபத்தை அடுத்த குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-இல் ஒரு நூல் வெளியிட்டது. 1947-இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பின்னர் மண்டபத்தில் இயங்கியது. 1971-இல் அதன் தலைமையிடம் கொச்சிக்கு மாறியது.

மண்டபம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் நான்கு கூட்டங்களாகக் கிடக்கின்றன. நமக்கு அருகில் உள்ளது வேம்பார்க் கூட்டம்: நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, புலுவினிச்சல்லி என மூன்று. இத்தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாகவும், வளைகுடாவின் இந்தியப் பகுதி 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. ஆயினும் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டியெடுத்த காலத்தின் விளைவாகப் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன.

பவளத்தை எல்லாரும் அறிவார்கள். பவளப் பாறைகளுக்கு இடையே பரந்து கிடக்கும் மணலையும் சேற்றையும் யார் கவனிக்கிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ள எங்கள் அறிவியல் மன்றத்தார் ஒருநாள் வேம்பார்க் கரைக்குச் சென்றோம். வலை உதறிய இடத்தில் நண்டுக் காலும் சிப்பியும் பாசியுமாக ஒரு குவியல் கிடந்தது. அதில் விரல் தடிமனில் ஒரு குழாய் இருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், “தாத்தா, இதுக்கு என்ன பேரு?” என்று கேட்டோம். “அதுக்கெல்லாம் ஏது பேரு, பிள்ளைகளா? வலையில ஏறுற குப்பைதான” என்றார் அவர்.

குப்பை என்று அவர் கூறியதைத் தாளில் பரப்பி, மேலே சொன்ன படிகளின்படி சோதித்தோம். குழாயின் வெளிப்புறம் முழுவதும் சிப்பித் துண்டுகளும் கடற்புல் துணுக்குகளும் ஓடு வேய்ந்ததுபோல் செருகப்பட்டிருந்தன. உட்பக்கம் காகிதம்போன்ற மெல்லிய உறை. உள்ளே எஞ்சியிருந்த உடற்பகுதியில் வளையங்களும் பக்கவாட்டில் சிறு கால்களும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தன. ஆகவே இரண்டாம் படியிலேயே விடை கிடைத்துவிட்டது. அது குழாய்ச் சாமந்தி அன்று; டயோபேட்ரா வகைக் குழாய்ப் புழு. தோழியர் சிலருக்கு ஏமாற்றம்தான். ஆனால் எங்களோடு வந்த அறிவியல் ஆசிரியை, “இல்லாததை இல்லை என்று எழுதத் தெரிந்தவளே கணக்கெடுக்கத் தகுதியுள்ளவள்” என்றார். குறிப்பேட்டில் நாள், இடம், அடித்தரையின் தன்மை, குழாயின் அளவு எல்லாவற்றையும் எழுதி, ‘குழாய்ச் சாமந்தி அன்று’ என்றும் எழுதினோம். பெரியவரிடம் சென்று அது ஒரு புழுவின் வீடு என்று கூறினோம். “அப்ப அதுக்கும் பேரு இருக்குல்லா!” என்று அவர் சிரித்தார்.

பெயரில் என்ன இருக்கிறது?

பெயரில் எவ்வளவோ இருக்கிறது, தோழியரே! 2001-ஆம் ஆண்டில் நம் அரசாங்கம் பாறை கட்டும் பவளங்களையும் கருப்புப் பவளத்தையும் கடல் விசிறியையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. பெயர் இருந்ததால்தான் பட்டியலில் சேர்க்க முடிந்தது. பெயரில்லாத உயிரை எந்தப் பட்டியலில் எழுதுவது? எத்தனை இருந்தது, எத்தனை குறைந்தது என்று யார் சொல்வது?

இழுவலைகள் கடலடித் தரையைக் கலப்பைபோல் உழுதுகொண்டு செல்கின்றன. நிலத்தை உழுதால் விளைச்சல் வரும். கடலை உழுதால் குடியிருப்புகள் சிதைகின்றன. குழாய்க்குள் ஆழமாக இறங்கிக்கொள்ளும் சாமந்தி சில சமயம் தப்பலாம். அதன் குழாயும் அதில் ஒண்டிய உயிர்களும் தப்புவது அரிது. அதனால்தான் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடை செய்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நமது கீழைக்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்த நாட்களில் படகுத் தொழிலாளர் வீடுகளில் அடுப்பெரிவது எவ்வளவு சிரமம் என்பதை அவ்வூர்களிலிருந்து வந்து படிக்கும் நம் தோழியர் அறிவார்கள். அவர்கள் அவ்வளவு இழந்து காக்கும் கடலடியில் என்னென்ன வாழ்கின்றன என்பதைத் தெரிந்துவைப்பது படித்தவர்களின் கடமை அல்லவா?

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. இரு வகைக் கரங்கள், ஒட்டும் தட்டு இல்லாத அடிமுனை, பஞ்சு அமுக்கியதுபோன்ற குழாய் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது குழாய்ச் சாமந்தி.
2. டைக்கோசிஸ்ட் என்னும் மடிப்பிழைப் பை இதற்கு மட்டுமே உரியது.
3. நிறத்தைக் கொண்டு சிற்றினத்தைக் கூறக் கூடாது.
4. கண்டதை நாள், இடம், ஆழம், தரை ஆகிய விவரங்களோடு குறித்து வைக்க வேண்டும். விவரமில்லாத மாதிரி கண்காட்சிக்கு உதவும், அறிவியலுக்கு உதவாது.
5. உயிருள்ளதைப் பிடுங்கக் கூடாது. வலையில் வந்து உயிரிழந்ததை ஆராய்ந்தாலே நமக்குப் போதுமான பாடம் கிடைக்கும்.

கரிசல் மண்ணில் ஒரு செடியைப் பார்த்ததும் இது குப்பைமேனி, இது துத்தி, இது கீழாநெல்லி என்று நம் பாட்டிமார் பெயர் சொல்லிவிடுகிறார்கள். பெயர் தெரிந்ததால்தான் அவர்கள் எதையும் வீணே மிதித்துச் செல்வதில்லை. கடலடி உயிர்களுக்கும் அப்படிப் பெயர் சொல்லக்கூடிய பெண்கள் நம் பகுதியிலிருந்து வர வேண்டும். உயிரியல் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காமல் கண்ணைத் திறந்து படிப்போமானால், அந்தப் பெண்கள் இப்போதே நம் வகுப்புப் பெஞ்சுகளில் அமர்ந்திருக்கிறார்கள் என்பது உறுதி.